வயிற்றுக்குள் வழிமாறியவை: வாசகர் கேள்வி - பதில்

வயிற்றுக்குத் தெரிந்த சொற்கள் கொஞ்சம்தான்: வலி, வாந்தி, உப்புசம், காற்றுப் பிரியாமை. தினமும் பார்க்கிற நோயும், ஒரு மருத்துவர் தன் காலத்தில் இரண்டு மூன்று முறை மட்டும் பார்க்கிற நோயும் இதே நாலு சொற்களில்தான் பேசும். டிஸ்சார்ஜ் சம்மரியில் வாயில் நுழையாத பெயரைப் பார்த்துவிட்டு ‘இது என்ன புதிதாக இருக்கிறதே’ என்று எழுதியவர்களின் கேள்விகள் இந்த முறை. அறுவை சிகிச்சைப் பிரிவின் முதுநிலை மாணவர்கள் சிலரும் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கான பதில்களில் கத்தி, நூல் விவரம் கொஞ்சம் அதிகம் இருக்கும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

என் மாமியாருக்கு 76 வயது. நாலு நாள் வாந்தி, வயிறு உப்பல். குடல் அடைப்பு என்று திறந்து பார்த்தால் அடைத்திருந்தது பித்தக்கல்லாம்! கல்லை எடுத்துவிட்டுப் பித்தப்பையை அப்படியே விட்டுவிட்டார்கள். பித்தக்கல் எப்படிக் குடலுக்குப் போகும்? மூலத்தை விட்டுவைத்தது அரைகுறை வேலை இல்லையா?

அரைகுறை இல்லை. அந்த வயதில், அந்த நிலையில் அதுதான் சரியான வேலை.

கல் பித்தக்குழாய் வழியாக இறங்கியிருக்காது. அந்தக் குழாயின் அகலமே சில மில்லிமீட்டர்தான். பெரிய கல் ஒன்று பித்தப்பைச் சுவரை வருடக்கணக்கில் அழுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த இடம் புண்ணாகி, பக்கத்தில் கிடக்கும் டியோடினத்தோடு, அதாவது சிறுகுடலின் தொடக்கத்தோடு, ஒட்டிக்கொள்கிறது. பிறகு இரண்டு சுவரும் சேர்ந்து அரித்து ஓர் ஓட்டை விழுகிறது. கல் அதன் வழியே குடலுக்குள் விழுந்து கீழே உருள ஆரம்பிக்கிறது. சின்னக் கல் மலத்தோடு போய்விடும். சிக்குவது பெரும்பாலும் 2.5 செ.மீ.க்கு மேற்பட்டவை. சிக்கும் இடம் அநேகமாகச் சிறுகுடலின் கடைசிப் பகுதி, குடல் அங்கேதான் குறுகல்.

நாலு நாள் தாமதமானதற்கும் காரணம் உண்டு. கல் ஓரிடத்தில் மாட்டும்போது வலியும் வாந்தியும் வரும். நழுவி நகர்ந்ததும் ‘பரவாயில்லை, அஜீரணம்தான்’ என்று தோன்றும். கொஞ்ச நேரத்தில் வேறிடத்தில் மாட்டும். இப்படி விட்டு விட்டு வருவதால் வீட்டிலும் ஏமாந்துபோவார்கள், மருத்துவமனையிலும் ஏமாந்துபோவார்கள். சி.டி. ஸ்கேனில் பித்தக்குழாய்களுக்குள் காற்று, வீங்கிய சிறுகுடல், இருக்கக் கூடாத இடத்தில் ஒரு கல் ஆகிய மூன்றும் சேர்ந்து தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். 1941இல் ரிக்ளர் என்ற ரேடியாலஜி நிபுணர் சொன்ன அடையாளங்கள் இவை. வெறும் எக்ஸ்ரேயில் மூன்றும் ஒன்றாகத் தெரிவது அபூர்வம். பெரும்பாலான பித்தக்கற்களில் எக்ஸ்ரேக்குத் தெரியுமளவு சுண்ணாம்புச் சத்து கிடையாது.

இனி அந்த ஆபரேஷன். கல் சிக்கிய இடத்துக்கு நேர்மேலே குடலைத் திறக்கக் கூடாது. அங்கே சுவர் நைந்து நீர் கோத்திருக்கும், போட்ட தையல் பிய்த்துக்கொண்டு வரும். கல்லை விரல்களுக்கு நடுவே பிடித்து, மேல்பக்கமாக, நல்ல குடல் இருக்கும் இடம்வரை மெல்ல நகர்த்த வேண்டும். அங்கே, குடலைத் தாங்கும் சவ்வு இல்லாத ஓரத்தில் நீளவாக்கில் வெட்டிக் கல்லை எடுத்துவிட்டு, குறுக்குவாக்கில் தைக்க வேண்டும். வெட்டிய திசையிலேயே தைத்தால் அந்த இடம் இறுகி, அடைப்பு மறுபடி வரும். கல் நகர மறுத்தாலோ, குடல் கறுத்திருந்தாலோ அந்தத் துண்டையே எடுத்துவிடுவது மேல். எடுத்த கல்லைத் திருப்பிப் பார்ப்பதும் முக்கியம். ஒரு பக்கம் பட்டை தீட்டியதுபோல் தட்டையாக இருந்தால், அதை உரசிக்கொண்டு இன்னொரு கல் இருந்திருக்கிறது. எப்படி இருந்தாலும் குடல் முழுவதையும் கையால் தடவிப் பார்க்காமல் வயிற்றை மூடக் கூடாது.

பித்தப்பையை அதே நேரத்தில் எடுப்பதென்றால் டியோடினத்தில் உள்ள ஓட்டையையும் அடைக்க வேண்டும். அங்கே எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடக்கும். நாலு நாள் வாந்தியில் நீர்ச்சத்தும் உப்பும் இழந்த ஒருவருக்கு அங்கே தையல் கசிந்தால் மீட்பது கடினம். கல் மிச்சமில்லை என்றால் அந்த ஓட்டை பல பேருக்குத் தானாகவே மூடிக்கொள்ளும். ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒரு ஸ்கேன் எடுத்து, பித்தப்பையில் கல் மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். மறுபடி அடைக்கும் ஆபத்து முதல் ஆறு மாதத்தில்தான் அதிகம்.

இடது அடிவயிற்றில் குத்தும் வலி. ஸ்கேனில் ‘எபிப்ளாயிக் அப்பென்டஜைட்டிஸ்’ என்று வந்தது. வலி மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நம்பலாமா?

நம்பலாம். பெருங்குடலின் வெளிப்பக்கத்தில் சின்னச் சின்னக் கொழுப்புக் குஞ்சங்கள் தொங்கும், 50 முதல் 100 வரை. அதில் ஒன்று முறுக்கிக்கொண்டு ரத்தம் போகாமல் வாடுவதுதான் இந்த வலி. ஒரு விரலால் தொட்டுக் காட்டுமளவு ஒரே இடத்தில் வலிக்கும். ஆனால் காய்ச்சல், வாந்தி பெரிதாக இருக்காது. ஒன்றிரண்டு வாரத்தில் அதுவாகவே அடங்கும். ஆபரேஷனும் வேண்டாம், ஆன்டிபயாட்டிக்கும் பொதுவாக வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ வலி பரவினாலோ மட்டும் திரும்பப் போங்கள்.

14 வயது மகளுக்கு மேல்வயிற்றில் கெட்டியாக ஏதோ தட்டுப்படுகிறது. எண்டோஸ்கோப்பியில் இரைப்பை நிறைய முடி என்கிறார்கள். கோலா குடித்தால் கரையும் என்று இணையத்தில் படித்தேன். வயிற்றைத் திறக்காமல் எடுக்க முடியாதா?

கோலா சமாச்சாரம் பொய்யில்லை, உங்கள் மகளுக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். பழ நார், காய் நார் திரண்டு உருவாகும் உருண்டைகளில் சிலவற்றை அது இளக்கும். முடியின் கெரட்டினை இரைப்பை அமிலமே ஒன்றும் செய்ய முடியாதபோது கோலா என்ன செய்யும்?

விழுங்கிய முடி வழுக்கும். இரைப்பையின் அசைவு அதைப் பிடித்துத் தள்ள முடியாது. இரைப்பை மடிப்புகளில் தங்கி, அடுத்த முடியோடு பின்னி, உணவும் கொழுப்பும் சேர்ந்து, கடைசியில் இரைப்பையின் வடிவத்திலேயே ஒரு வார்ப்பு ஆகிவிடும். எந்த நிற முடியாக இருந்தாலும் உள்ளே கறுப்பாகவே இருக்கும், அமிலத்தின் வேலை அது. எண்டோஸ்கோப்பி வழியாகத் துண்டு துண்டாக இழுத்துப் பார்ப்பது பெரிய கட்டிகளில் அநேகமாகத் தோல்வியில் முடியும். இழுக்கும்போது பிய்ந்த துண்டு கீழே இறங்கிச் சிறுகுடலை அடைக்கும் ஆபத்தும் உண்டு. உணவுக்குழாயைக் கிழிக்கும் ஆபத்து வேறு.

மேல்வயிற்றில் நடுக்கோட்டில் ஒரு வெட்டு போட்டு இரைப்பையைத் திறப்பதுதான் இன்றைக்கும் நம்பகமான வழி. உள்ளே இருப்பது நாற்றமடிக்கும் அழுக்கு. அதனால் வெட்டின் ஓரங்களைப் பாதுகாப்பு உறையால் மூடி, சுற்றிலும் ஈரத் துணி வைத்து, இரைப்பையின் முன்சுவரில் இரண்டு தாங்கு நூல்களுக்கு நடுவே திறப்பார்கள். கவனம் வேண்டியது வாலில்தான். சிலருக்கு முடி உருண்டையிலிருந்து ஒரு ஜடை சிறுகுடலுக்குள் நீண்டிருக்கும். இதற்கு ரபன்ஸல் சிண்ட்ரோம் என்று பெயர், 1968இல் முதலில் எழுதப்பட்டது. அதை அவசரமாக இழுத்தால் நூல் கோத்த பாவாடை நாடா மாதிரி குடல் சுருங்கும், ஜடை குடலின் உள்வளைவை அறுத்து ஓட்டை போடும். தாராளமாக வரவில்லை என்றால் குடலில் தனியாக ஒரு சின்னத் திறப்பு போடுவது நல்லது. தனித் துண்டுகள் கீழே கிடக்கின்றனவா என்று குடல் முழுக்கத் தடவிப் பார்க்கவும் வேண்டும்.

ஆபரேஷன் பாதி சிகிச்சைதான். முடியைப் பிடுங்குவதும் தின்பதும் திட்டி நிறுத்தக்கூடிய கெட்ட பழக்கம் அல்ல, மனநல மருத்துவர் பார்க்க வேண்டிய கோளாறு. டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே அந்தச் சந்திப்புக்குத் தேதி வாங்கிவிடுங்கள். ரத்தச் சோகைக்கும் பரிசோதனை செய்யுங்கள், இவர்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு சாதாரணம்.

முதுநிலை மாணவர்: அப்பென்டிசைட்டிஸ் என்று லேப்ராஸ்கோப்பி செய்கிறோம், குடல்வால் நன்றாக இருக்கிறது. எவ்வளவு தூரம் தேட வேண்டும்? மெக்கல் பை (சிறுகுடலில் சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும் சின்னப் பை) தற்செயலாகக் கண்ணில் பட்டால் எடுக்கலாமா?

சிறுகுடல் பெருங்குடலில் சேரும் இடத்திலிருந்து பின்னோக்கிக் குடலைக் கைமாற்றிக் கைமாற்றிப் பாருங்கள். பாடத்தில் ‘இரண்டு அடி’ என்று இருக்கும். அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள், ஒரு மீட்டர் தாண்டும்வரை பாருங்கள். மக்கள்தொகையில் 2 சதவீதம், 2 அடி தூரம், 2 அங்குல நீளம் என்ற வாய்பாடு தேர்வுக்கு நல்லது. குடல் வாய்பாடு படித்துவிட்டு வளர்வதில்லை.

கருவில் மஞ்சள்கருப் பையையும் குடலையும் இணைத்த குழாய் முழுதாக மறையாமல் நின்ற மிச்சம்தான் இந்தப் பை. ஜே.எஃப். மெக்கல் இதன் பிறப்பை 1809இல் விளக்கினார். குடல் சுவரின் எல்லா அடுக்கும் இதில் உண்டு, சவ்வு இல்லாத ஓரத்தில் முளைத்திருக்கும். சிக்கல் எங்கே என்றால், சிலருக்கு இதன் உள்ளே இரைப்பையின் உள்தோல் இருக்கும். அது அமிலம் சுரக்கும், பக்கத்துச் சிறுகுடலுக்கோ அமிலத்தைத் தாங்கும் சக்தி இல்லை. அதனால் புண் வருவது பைக்குள் அல்ல, பையை ஒட்டிய குடலில். சின்னக் குழந்தைக்கு வலியில்லாமல் செங்கல் நிறத்தில் மலத்தோடு ரத்தம் போனால் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான். டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளை நரம்பில் செலுத்தி எடுக்கும் ஸ்கேன் அந்த இரைப்பைத் தோலைத்தான் காட்டிக்கொடுக்கிறது. ரத்தம் கசிந்த கேஸில் பையை மட்டும் ஸ்டேப்ளரால் நறுக்கிவிட்டு வந்தால் புண்ணை உள்ளேயே விட்டுவிட்டு வந்ததாகிவிடும். ஒரு துண்டுக் குடலோடு சேர்த்து எடுத்து இணைப்பதே சரி.

தற்செயலாகக் கண்டதை எடுப்பதா விடுவதா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. 2005இல் மேயோ கிளினிக் 1,476 பேரின் பதிவுகளை ஆராய்ந்தது. 50 வயதுக்குக் குறைவு, ஆண், பையின் நீளம் 2 செ.மீ.க்கு மேல், உள்ளே தடிப்பு அல்லது மாறுபட்ட திசு ஆகிய நான்கும் பின்னால் தொந்தரவு வருவதோடு சேர்ந்து வந்தன. எங்கள் கணக்கும் ஏறக்குறைய இதுவே. இளைஞர், நீளமான பை, தொட்டால் கெட்டி என்றால் எடுங்கள். 70 வயதுக்காரரின் அகன்ற, மிருதுவான பையைத் தொடாதீர்கள். வயிறு முழுக்கச் சீழ் இருக்கும்போது எந்த வயதிலும் வேண்டாம். எடுத்தாலும் விட்டாலும் குறிப்பில் எழுதுங்கள், நோயாளியிடமும் சொல்லுங்கள்.

எக்ஸ்ரேயில் வலது பக்க உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரிகிறது, குடலில் ஓட்டையாக இருக்கலாம் என்று அவசரமாக அனுப்பினார்கள். எனக்கு வயிறு வலியே இல்லை. ஸ்கேன் எடுத்துவிட்டு ‘சிலைடிட்டி’, போய் வாருங்கள் என்றார்கள்.

கல்லீரலுக்கும் உதரவிதானத்துக்கும் நடுவே பெருங்குடலின் ஒரு வளைவு ஏறி உட்கார்ந்திருக்கிறது, அதன் உள்காற்றுதான் தெரிந்தது. சிலைடிட்டி என்ற மருத்துவர் 1910இல் இதை எழுதினார். எக்ஸ்ரேயை உற்றுப் பார்த்தால் காற்றுக்குள் பெருங்குடலின் மடிப்புக் கோடுகள் இருக்கும். ஓட்டை வழியே கசிந்த காற்றில் கோடு இருக்காது. தொந்தரவு இல்லையென்றால் சிகிச்சை இல்லை. ஆனால் அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். கல்லீரலில் ஊசி போட்டுத் திசு எடுக்கவோ கொலனாஸ்கோப்பி செய்யவோ நேர்ந்தால் முதலில் இதைக் காட்ட வேண்டும்.

19 வயது தங்கைக்கு டைஃபாய்டு வந்து 11 கிலோ குறைந்தாள். இப்போது காய்ச்சல் இல்லை, ஆனால் நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்து பச்சையாக வாந்தி. ‘மெலிய வேண்டும் என்று வேண்டுமென்றே செய்கிறாள்’ என்கிறார்கள் வீட்டில்.

பச்சை வாந்தியை யாரும் வேண்டுமென்றே தினமும் எடுக்க மாட்டார்கள். பச்சை என்றால் பித்தம். பித்தம் வந்து சேரும் இடத்துக்குக் கீழே எங்கோ தடை இருக்கிறது. அவளிடம் ஒன்று கேளுங்கள்: மல்லாந்து படுத்தால் மோசமாகி, இடது பக்கம் ஒருக்களித்தோ குப்புறவோ முழங்காலை மார்போடு சேர்த்தோ படுத்தால் இதமாக இருக்கிறதா? ஆம் என்றால் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்க்க வேண்டிய நோய் ஒன்று இருக்கிறது: சுப்பீரியர் மெசன்ட்ரிக் ஆர்ட்டரி சிண்ட்ரோம். எடின்பரோவின் வில்கி 1927இல் 75 நோயாளிகளைப் பற்றி எழுதியதால் வில்கி சிண்ட்ரோம் என்றும் சொல்வார்கள்.

மகாதமனியிலிருந்து குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி கீழ்நோக்கிச் சாய்ந்து பிரிகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்து வழியாக டியோடினம் குறுக்கே கடக்கிறது. அந்தச் சந்தை விரித்து வைத்திருப்பது கொஞ்சம் கொழுப்பு, வேறொன்றும் இல்லை. எடை மளமளவென்று இறங்கும்போது அந்தக் கொழுப்பும் கரைகிறது. சாதாரணமாக 38 முதல் 65 டிகிரி இருக்கும் கோணம் 25க்கும் கீழே போகும். 10 முதல் 28 மி.மீ. இருந்த இடைவெளி 8 மி.மீ.க்கும் குறையும். டியோடினம் நசுங்குகிறது, சாப்பிட முடிவதில்லை, எடை இன்னும் இறங்குகிறது, சந்து இன்னும் இறுகுகிறது.

இதை உடைக்கும் வழி சாப்பாடுதான். மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை எண்டோஸ்கோப்பி உதவியோடு நசுங்கிய இடத்தைத் தாண்டிச் சிறுகுடலில் விட்டு, திரவ உணவைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். குழாயின் நுனி அடைப்புக்கு மேலேயே நின்றுவிட்டால் எல்லாம் வாந்தியாகத் திரும்பி வரும். தோற்ற கேஸ்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்பில் முதல் நாளே முழுக் கலோரி ஏற்றக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றும் திடீரென இறங்கி இதயத்துடிப்பே குழம்பும். குறைவாகத் தொடங்கி, தயாமின் (வைட்டமின் பி1) கொடுத்து, தினமும் ரத்தம் பார்த்து ஏற்ற வேண்டும். நாலு முதல் ஆறு வாரத்தில் சில கிலோ ஏறினாலே பலருக்குச் சந்து விரிந்துவிடும். விரியாதவர்களுக்கு நசுங்கிய இடத்துக்கு முன்னால் உள்ள டியோடினத்தைச் சிறுகுடலோடு நேராக இணைத்து மாற்றுப்பாதை போடுவார்கள், லேப்ராஸ்கோப்பியிலேயே முடியும். ஸ்கேனில் கோணம் குறைவு என்பது மட்டுமே நோய் அல்ல. ஒல்லியானவர்கள் பலருக்குக் கோணம் குறைவுதான், அவர்கள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள்.

அப்பாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள் வயிறு பானை மாதிரி உப்பிவிட்டது. அடைப்பு இல்லை என்கிறார்கள், ஆனால் ஐ.சி.யூ.வுக்கு மாற்றி ஏதோ ஊசி போடப்போகிறார்கள். அடைப்பே இல்லாமல் எப்படி உப்பும்? ஊசிக்கு எதற்கு ஐ.சி.யூ.?

பெருங்குடலின் நரம்புக் கட்டுப்பாடு தடுமாறி, அசைவு நின்று, காற்று தேங்குகிறது. 1948இல் ஓகில்வி எழுதியதால் ஓகில்வி சிண்ட்ரோம் என்று பெயர். வயதானவர்கள், எலும்பு ஆபரேஷன், படுக்கை, மார்பின் வகை வலிமருந்து, பொட்டாசியக் குறைவு எல்லாம் ஒன்றுசேரும்போது வரும்.

பயம் உப்பலைப் பற்றியல்ல, பெருங்குடலின் தொடக்கமான சீக்கத்தைப் பற்றி. குழாயில் அகலமான பகுதி அது, ஒரே அளவு காற்றழுத்தத்தில் சுவர் அதிகமாக இழுபடுவதும் அங்கேதான். 12 செ.மீ.யைத் தாண்டினால் கிழியும் ஆபத்து ஏறும். முதல் ஒன்றிரண்டு நாள் வாய்வழி ஒன்றும் கொடுக்காமல், உப்புகளைச் சரிசெய்து, வலிமருந்தை மாற்றி, பக்கம் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, ஆசனவாயில் குழாய் வைத்துப் பார்ப்பார்கள். மலமிளக்கி என்று லாக்டுலோஸ் கொடுப்பது தப்பு, குடல் கிருமிகள் அதைப் புளிக்கவைத்து இன்னும் காற்று உண்டாக்கும்.

அதற்கும் அடங்காவிட்டால் குடலை அசையவைக்கும் நியோஸ்டிக்மின் 2 மி.கி., மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் மெதுவாக நரம்பு வழியே. 1999இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் ஊசி போட்ட 11 பேரில் 10 பேருக்குக் காற்றுப் பிரிந்தது, பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள். இதே மருந்து இதயத்துடிப்பைத் தடாலென்று குறைக்கும், மூச்சுக்குழாயையும் இறுக்கும். ஈ.சி.ஜி. மானிட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், குறைந்த துடிப்பை ஏற்றும் அட்ரோபின் மருந்தை ஊசியில் ஏற்றிக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். படுக்கையில் பெட்பேன் தயாராக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐ.சி.யூ. அதற்காகத்தான். அப்பாவுக்கு ஆஸ்துமாவோ ஏற்கெனவே மெதுவான நாடியோ இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பாட்டிக்கு 84 வயது, மெலிந்த உடம்பு. இரண்டு மாதமாக வலது தொடையின் உள்பக்கம் முழங்கால்வரை வலி. மூட்டுவலி என்று தைலம் போட்டோம். இப்போது குடல் அடைப்பு, ‘ஆப்சுரேட்டர் ஹெர்னியா’ என்கிறார்கள். வெளியே வீக்கமே இல்லையே?

இருக்காது. இடுப்பெலும்பில் நரம்பும் ரத்தக்குழாயும் தொடைக்குப் போகும் ஒரு சின்னச் சுரங்கம் உண்டு. உடம்பு மெலிந்து அதை அடைத்திருந்த கொழுப்பு கரைந்ததும் குடல் அதற்குள் நுழைகிறது. மேலே தொடைத் தசைகள் மூடியிருப்பதால் கையில் எதுவும் தட்டுப்படாது. அந்தத் தொடை வலிதான் ஒரே துப்பு. கூடவே ஓடும் நரம்பு நசுங்குவதால் வருவது அது. காலைப் பின்னால் நீட்டி உள்பக்கமாகத் திருப்பினால் கூடும், மடக்கினால் குறையும். குடலின் ஒரு பக்கச் சுவர் மட்டும் மாட்டுவதும் உண்டு, அப்போது அடைப்பு அரைகுறையாக இருந்துகொண்டே குடல் அழுகும். ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: மெலிந்த மூதாட்டி, இதுவரை வயிற்றில் ஆபரேஷனே ஆகாதவர், சிறுகுடல் அடைப்பு என்றால் ஸ்கேனைத் தொடையின் மேல்பகுதிவரை எடுக்கச் சொல்லுங்கள். இடுப்போடு நிறுத்திய ஸ்கேனில் இது தப்பிப்போகும்.

லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுக்கப் போய், ‘முழுதாக எடுக்க முடியவில்லை, அடிப்பகுதியை விட்டுவிட்டோம்’ என்கிறார்கள். வேறு டாக்டரிடம் போயிருக்க வேண்டுமோ?

உங்கள் டாக்டர் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தியிருக்கிறார் என்றே தோன்றுகிறது. பித்தப்பையின் கழுத்துக்குப் பக்கத்தில்தான் கல்லீரலின் பித்தம் முழுவதையும் கொண்டுபோகும் முதன்மைக் குழாய் ஓடுகிறது. எதையும் வெட்டுவதற்கு முன் மூன்று விஷயம் உறுதியாக வேண்டும்: பித்தப்பைக் கழுத்து, முதன்மைக் குழாய், கல்லீரல் மூன்றுக்கும் நடுவில் உள்ள முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் நீங்கியிருக்க வேண்டும், பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பகுதி கல்லீரல் படுக்கையிலிருந்து பிரிந்திருக்க வேண்டும், பித்தப்பைக்குள் போவது இரண்டே இரண்டு குழாய் என்று கண்ணால் பார்க்க வேண்டும். 1995இல் ஸ்ட்ராஸ்பெர்க் வகுத்த நிபந்தனை இது. பலமுறை அழற்சி வந்து எல்லாம் கல்லாக இறுகிய வயிற்றில் இந்தக் காட்சி கிடைக்காமலே போகலாம். அங்கே பிடிவாதம் பிடித்தால் வெட்டுப்படுவது முதன்மைக் குழாய்தான். அதைச் சரிசெய்வது பல மடங்கு பெரிய ஆபரேஷன்.

அதனால் பித்தப்பையைத் திறந்து, கற்களை எல்லாம் எடுத்து, கழுத்துப் பகுதியை மட்டும் விட்டு, ஒரு ட்ரெயின் குழாய் வைத்துவிட்டு வருவார்கள். சில நாள் அதில் பித்தம் வரலாம். குறையாவிட்டால் ஈ.ஆர்.சி.பி. (வாய்வழி எண்டோஸ்கோப்பியில் பித்தக்குழாயை எட்டும் முறை) வழியாக ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்தால் நிற்கும். நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய விவரம் ஒன்றே: விட்ட பகுதியைத் தைத்து மூடினார்களா, திறந்தே விட்டார்களா? மூடியிருந்தால் அந்தச் சின்னப் பைக்குள் வருங்காலத்தில் மறுபடி கல் வரலாம். ‘பித்தப்பைதான் எடுத்தாயிற்றே’ என்று யாரும் தட்டிக்கழிக்காமல் இருக்க அந்தக் குறிப்பு உதவும்.

ஹெர்னியா ஆபரேஷனில் பைக்குள் குடல்வால் இருந்ததாம். விசித்திரம்தானே?

விசித்திரம்தான், ஆனால் பழைய விசித்திரம். கிளாடியஸ் அம்யண்ட் 1735இல் லண்டனில் 11 வயதுச் சிறுவனின் குடலிறக்கத்தைத் திறந்தபோது உள்ளே ஊசி குத்திய குடல்வால் இருந்தது. அதை அவர் எடுத்ததே வெற்றிகரமான முதல் குடல்வால் அறுவையாகக் கருதப்படுகிறது, மயக்க மருந்து வருவதற்கு நூறாண்டுக்கு முன்னால்! இன்றைய நடைமுறை எளிது. குடல்வால் நன்றாக இருந்தால் உள்ளே தள்ளிவிட்டு வலை வைத்துத் தைக்கலாம். சீழ் பிடித்திருந்தால் அதை எடுத்துவிட்டு, வலை வைக்காமல் தையல் மட்டும்.

குடல் ஆபரேஷன் முடிந்து ஆறாம் நாள். நன்றாக ஆறியிருந்த காயத்திலிருந்து திடீரென ரோஸ் நிற நீர் கட்டு நனைய வருகிறது. ரத்தமும் இல்லை, சீழும் இல்லை. கட்டு மாற்றினால் போதுமா?

போதாது. இதைப் படித்ததும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தோல் தையல் பார்க்க ஒழுங்காக இருந்தாலும், அடியில் வயிற்றுச் சுவரைப் பிடித்திருந்த தையல் விட்டுவிட்டது என்பதற்கு முன்னறிவிப்பு இந்த ரோஸ் நீர். அடுத்த இருமலில் குடல் வெளியே வரலாம். வந்துவிட்டால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியைச் சலைன் நீரில் நனைத்து மூடி, முழங்காலை மடக்கிப் படுக்கவைத்து, வாய்வழி ஒரு சொட்டும் கொடுக்காமல் கொண்டுபோங்கள். துணி காயக் காய மறுபடி நனையுங்கள், குடல் உலரக் கூடாது.

தைக்கும் கைகளுக்கு: பெரும்பாலான கேஸில் நூல் அறுவதில்லை, முடிச்சும் அவிழ்வதில்லை. நூல் திசுவை அறுத்துக்கொண்டு வருகிறது. அளவுக்கு மீறி இறுக்கியதும், நீரும் சீழும் திசுவை நைய வைத்ததும், வயிறு உப்பியதும் காரணங்கள். தசை உறையை மட்டும் பிடித்து, ஓரத்திலிருந்து 5 மி.மீ., தையலுக்குத் தையல் 5 மி.மீ. என்று நெருக்கமாகப் போடுவது நல்லது. 2015இல் வெளிவந்த ஒப்பீட்டில் இப்படித் தைத்தவர்களில் ஓராண்டில் தழும்பு ஹெர்னியா வந்தது 13 சதவீதம், அகலமாகத் தைத்தவர்களில் 21. வெட்டின் நீளத்தைப் போல் நாலு மடங்கு நூலாவது உள்ளே போயிருக்க வேண்டும். 20 செ.மீ. வெட்டுக்கு 80 செ.மீ. முடித்ததும் நறுக்கிப்போட்ட மிச்ச நூலைத் தட்டிலேயே அளந்து, எடுத்த நீளத்திலிருந்து கழித்துப் பாருங்கள். 80க்குக் கீழே வந்தால் நோயாளி மேஜையில் இருக்கும்போதே பிரித்து மறுபடி தையுங்கள்.